புற்றடிக் காளான்

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த காலையில் ஆச்சி ஓலைப்பெட்டியைக் கையிலெடுத்தால், எமக்குப் பாடமெல்லாம் மறந்துபோகும். வன்னியில் எமது வளவின் பின்புறத்தே, பாலைமரத்தடியில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் அருகே ஈரமண்ணைப் பிளந்துகொண்டு சாம்பல் நிறக் கூர்முனைகள் தலைநீட்டும். அவை குடையாய் விரிந்து புழு வைக்குமுன் பறித்துவிட வேண்டும்.

"பிள்ளையள், புற்றைக் கிண்டாதையுங்கோ, வாற மாரிக்கும் அது வேணும்" என்பார் ஆச்சி. விரலால் மண்ணை விலக்கினாலோ, தண்டு வேர்போல் நீண்டு கீழே போய்க்கொண்டேயிருக்கும். அது எங்கே முடிகின்றதென்பது எமக்கு நெடுநாட் புதிர். பின்னரே படித்தறிந்தோம். கறையான்கள் சருகையும் உலர்ந்த மரத்தையும் தின்று, புற்றினுள்ளே தேன்கூடு போன்றதோர் அமைப்பைக் கட்டி, அதில் ஒரு பங்கசை வளர்க்கின்றன. மரப்பொருளை அந்தப் பங்கசு பதமாக்கிக் கொடுக்க, அவை உண்கின்றன. மழைக்குப் பின் வெளிவரும் காளான் அந்தத் தோட்டத்தின் பூவே எனலாம். பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஹெய்ம் 1942 இல் இவ்வினத்துக்கு 'தெர்மிற்றோமைசீசு' எனப் பெயரிட்டார். ஆச்சிக்கு அது வெறும் புற்றுக்காளான்தான்.

ஒருமுறை ஆச்சி காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். நாமே பெட்டியுடன் புறப்பட்டோம். புற்றடி வெறுமையாயிருந்தது. ஆனால், திரும்பும் வழியில் புல்தரையிலே பெரிய வெள்ளைக் குடைகள்! பெட்டி நிரம்பிற்று. சின்னம்மா கறிச்சட்டியில் வெள்ளிக்காசொன்றைப் போட்டார். நஞ்சாயின் காசு கறுக்கும் என்பது ஊர்வழக்கு. காசு கறுக்கவில்லை. எமக்கோ பெருமகிழ்ச்சி.

மணம் எட்டியதும் ஆச்சி பாயிலிருந்து எழுந்து வந்தார். "எங்கை பிடுங்கினனீங்கள்?" நாம் வாய் திறக்கவில்லை. பெட்டியில் எஞ்சிக்கிடந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். குடையின் அடிமடிப்புகளில் மெல்லிய பச்சை படர்ந்திருந்தது. ஒரு சொல்லும் பேசாமல், சட்டியோடு கொண்டுபோய்க் கிடங்கிற் கொட்டி மண்ணை மூடினார். நாம் அழுதோம், ஆச்சிமேற் கோபமுங் கொண்டோம்.

பச்சைமடிப்புக் காளான் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்குவது. உயிர் குடிக்கும் காளான்களிற்கூட வெள்ளி கறுப்பதில்லை. இவையெல்லாம் அன்று எமக்கெங்கே தெரியும்?

அன்றிரவு சோற்றுக்குத் தேங்காய்ச் சம்பல்தான். சின்னம்மா மட்டும் உண்ணாமல், அந்தக் காசைச் சாம்பலிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.