பேத்தி கொடுத்த புத்தகமும் நான் வைத்த பெயரும்



கொஞ்ச நாளாக டீச்சர் ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். முழுப்பரீட்சை லீவுக்கு வந்த என் பேத்தி, "பாட்டி, நீங்க ஸ்கூல்ல இருந்தவங்கதானே, இதப் படிச்சுப் பாருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. அவள் இரண்டு நாளில் முடித்த புத்தகம். எனக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு வாரம் ஆயிற்று. பாதியில் தூக்கி வைத்துவிடலாம் என்றும் இருந்தது. ஏன் வைக்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் பெயர் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. எழுதியவர் உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க அம்மையார். 1968-இல் வந்தது. உங்கள் பிள்ளைகள் எல்லாம் படிக்கிற ஹாரி பாட்டர் வந்தது 1997-இல். அதற்கு இருபத்தொன்பது வருஷம் முன்பே மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டி வைத்துவிட்டார் இந்த அம்மா. இளம்பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதித் தாருங்கள் என்று ஒரு பதிப்பாளர் கேட்டாராம். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் வெள்ளைத் தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்களும் ஒரு காலத்தில் சின்னப் பையன்களாக இருந்திருப்பார்களே, வித்தையை எங்கே கற்றார்கள் என்று யோசித்தாராம். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கதை.

எர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட ஒரு கற்பனை உலகம். அதில் கோன்ட் என்ற மலைத்தீவில் ஒரு கொல்லர் வீட்டுப் பையன். அம்மா இல்லை. ஆடு மேய்க்கிறான். (வெள்ளைக்காரப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். செம்பழுப்பு நிறம். தொலைக்காட்சித் தொடரில் அவனை வெள்ளைப் பையனாகக் காட்டியபோது இந்த அம்மா வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார்.) கூரைமேல் ஏறிக்கொண்ட ஆட்டை அவன் பெரியம்மா ஏதோ ஒரு சொல் சொல்லி இறக்குவதைக் கேட்கிறான். மறுநாள் அதே சொல்லைத் தன் ஆடுகளிடம் கத்திப் பார்க்கிறான். அத்தனை ஆடும் வந்து அவனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. விரட்டினாலும் போகவில்லை. கூப்பிடத் தெரிந்தது, விடத் தெரியவில்லை. அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடுகிறான், ஆடுகளும் ஒட்டிக்கொண்டே ஓடி வருகின்றன. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படிப் பார்த்திருக்கிறேன்! கையில் திறமை இருக்கும், பிடி இருக்காது.

அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது ஓகியன் என்ற பெரியவர் வருகிறார். ஆற்றைக் கடந்து வரச் சொல்லி, கரையில் நின்று அவன் மெய்ப்பெயரைக் காதில் சொல்கிறார். கெட். அந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது தெரிந்தவர் கையில் அந்த உயிர் அடக்கம். அதனால் ஒருவர் தன் பெயரைத் தன் உயிரைவிட நம்புகிறவர்களிடம் மட்டும்தான் சொல்வார். ஊர் கூப்பிடுவதற்கு வேறு பெயர் இருக்கும். இவனை ஊர் 'ஸ்பேரோஹாக்' என்கிறது, நம் வல்லூறு மாதிரி ஒரு பறவையின் பெயர்.

ஓகியன் அவனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். பாடமே எடுப்பதில்லை. மழை வந்தால் மந்திரம் போட்டு நிறுத்துவதில்லை, மரத்தடியில் நனைந்தபடி படுத்துக்கொள்கிறார். பையனுக்கு எரிச்சல். எப்போதுதான் சொல்லித்தருவீர்கள் என்று கேட்டே விடுகிறான். எனக்கும் அந்தப் பையனோடு சேர்ந்து எரிச்சலாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தால் இந்த மனுஷன் பாடக்குறிப்பேட்டில் எதைக் காட்டுவார் என்று தோன்றியது!

ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, உனக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமா, பயமா என்று சீண்டுகிறாள். ரோஷம் வந்து, ஓகியன் இல்லாத நேரம் அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறான். இறந்தவர்களை அழைக்கும் மந்திரத்தில் கண் மாட்டிக்கொள்கிறது. நிமிர்ந்தால் கதவோரம் இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக ஏதோ ஒன்று குந்தியிருக்கிறது. அப்போது ஓகியன் உள்ளே வருகிறார், கையிலிருந்த கோல் வெள்ளையாக எரிய, அது மறைகிறது.

அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்கிறார். என்னோடு இருப்பதானால் இரு, ரோக் தீவுப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் போ என்று முடிவை அவனிடமே விட்டுவிடுகிறார். பையன் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறான். அவர் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். அவ்வளவுதான்.

புத்தகத்தை மூடி வைத்தவள் நாலு நாள் தொடவில்லை.

பிள்ளைகளா, உங்களில் 1994-ஆம் வருஷம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் கணக்குப் போட்டி நினைவிருக்கும். கரும்பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். யார் முதலில் என்று மற்ற நாற்பது பேரும் கத்த வேண்டும். நல்ல முறை என்றுதான் நினைத்தேன். ஒரு பையன் வாராவாரம் ஜெயிப்பான். அவன் தோற்கமாட்டான் என்று நானே எல்லார் முன்னாலும் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு வகுப்புக்குத் திரும்பினால், அவன் என் மேஜை டிராயரைத் திறந்து போட்டிக் கணக்கு எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

நான் ஓகியன் இல்லை. மணி அடிக்கும்வரை காத்திருந்தேன், எல்லாரும் உட்காரட்டும் என்று. பிறகு அவனை முன்னால் நிறுத்தி, அந்த டிராயரையும் திருட்டையும் சேர்த்து ஒரு பெயர் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அதில் முதல் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டீர்கள். அதற்கு அரைக்கால் சட்டை என்றும் ஒரு பொருள் உண்டல்லவா, உங்களுக்குக் கொண்டாட்டம். எட்டாவது முடித்துப் போகும்வரை அதுதான் அவன் பெயர். அதற்கப்புறம் அவன் கரும்பலகைப் பக்கம் வரவேயில்லை.

கதையில் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ரோக் பள்ளி எனக்குப் பிடித்திருந்தது. அங்கே ஒரு கோபுரத்தில் பெயர்களை மட்டும் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர். அவர் கொடுக்கும் பட்டியலை நள்ளிரவுக்குள் மனப்பாடம் செய்ய வேண்டும், அதற்குமேல் மை மறைந்து தாள் வெறுமையாகிவிடும். நமக்கு இப்படி ஒரு மை கிடைக்காமல் போயிற்றே! ஆனால் அந்தப் பெரிய ஆசிரியர்களும் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். ஜாஸ்பர் என்று ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்கும் கெட்டுக்கும் நடந்த போட்டியை முளையிலேயே தடுக்கவில்லை. பந்தயத்துக்காக கெட் இறந்துபோன ஒரு பெண்ணை அழைக்கிறான். அந்தப் பிளவு வழியாக ஒரு நிழல் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடித் தலைமை ஆசான் உயிரை விடுகிறார். பையன் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்து வரும்போது, எதற்கும் முந்தாத, பேசத் தயங்குகிற பிள்ளையாகிவிட்டான். அந்தப் பக்கத்தில் எனக்குக் கெட்டின் முகம் தெரியவில்லை. எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சுதான் தெரிந்தது.

பிறகு நிழல் துரத்துகிறது, இவன் தீவு தீவாக ஓடுகிறான். கடைசியில் பறவையாக மாறிப் பறந்து ஓகியன் வீட்டுக்கு வருகிறான். நெடுநேரம் பறவையாகவே இருந்ததில் தான் மனிதன் என்பதே மறந்துபோகிறது. ஓகியன் அடையாளம் கண்டுகொண்டு, தான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவனை மீட்கிறார். ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார். கடலின் கோடியில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். நிழலின் பெயரும் கெட்.

போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவனுடைய புதுவீட்டுப் படத்தைப் போட்டீர்கள். மேலே அந்தப் பழைய பெயர், பக்கத்தில் சிரிப்புப் பொம்மை நாலு. அவனே அதற்குக் கட்டைவிரலும் தூக்கியிருந்தான். நான் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். புத்தகம் முடிந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்றான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தப் பெயரை வைத்தது நான், தப்பு என்னுடையது என்றேன். "அட விடுங்க டீச்சர், அதெல்லாம் மறந்து போச்சு" என்றான். இதை எழுதட்டுமாப்பா என்று கேட்டேன். "எழுதுங்க. எம் பேரு மட்டும் வேணாம்." அதனால் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். இனி குழுவில் அவனை அவன் அம்மா அப்பா வைத்த பெயரில் கூப்பிடுங்கள். மற்றதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வைக்கப்போகும்போது, "டீச்சர், அன்னைக்கு அந்தத் தாள்ல விடை இல்ல, தெரியுமா?" என்றான். "கணக்கு மட்டும்தான் இருந்துச்சு. நானாத்தான் போட்டேன்." எனக்கு அந்தக் கணக்கே நினைவில்லை என்றேன். அவனுக்கு நினைவிருந்தது. ஒரு தொட்டி, இரண்டு குழாய். ஒன்று தனியாக 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 3 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால்?

"ரெண்டு மணி நேரம் டீச்சர்."

சரியான விடை.