நாற்பது ஆண்டுக்கு ஒரு பாட்டு

திருமணமான ஆண்மகன் 'நான்' என்று எழுதுவது இலக்கணப்படி சரியாக இருக்கலாம், இல்லறப்படி சரியன்று. 1998ஆம் ஆண்டு தாலி கட்டிய கையோடு ஒருமையை ஒப்படைத்துவிட்டோம். ஆகவே இக்கட்டுரை நெடுகிலும் 'நாம்' என்றே வரும். இது மன்னர்கள் பேசும் 'நாம்' அன்று. வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து பேசுகிறவனின் 'நாம்'.

எமது ஊர் காஞ்சிபுரம். இங்கே வரதராசப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்தி வரதர் பள்ளிகொண்டிருக்கிறார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளி, நாற்பத்தெட்டு நாள் காட்சி தந்துவிட்டு மீண்டும் நீருக்குள் போய்விடுவார். 1939, 1979, 2019 என்பது அண்மைக்காலக் கணக்கு. எங்கள் குடும்பத்தில் தலைமுறை மாறுவதும் ஏறத்தாழ இதே கணக்கில்தான். ஒவ்வொரு முறை அவர் வெளியே வரும்போதும் வீட்டில் ஓர் அப்பா ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பெருமாள் மாறவில்லை, கேள்வியும் மாறவில்லை. அப்பாக்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

1939இல் அந்தப் பதவியில் இருந்தவர் எம் தாத்தாவின் தகப்பனார். இந்த ஊர் நாயனாப் பிள்ளையின் கச்சேரியைக் கேட்டுப் பழகிய காது அவருடையது. லயத்தில் புலியான பிள்ளை 1934இல் மறைந்தபோது, சங்கீதமும் கூடவே போய்விட்டது என்று முடிவு கட்டியவர். ஐந்தே ஆண்டில் வந்தது 'தியாகபூமி' என்னும் படம். கதை கல்கி, இயக்கம் கே. சுப்ரமணியம், தகப்பனாராக நடித்தவர் பாபநாசம் சிவன். கணவனால் கைவிடப்பட்ட பெண் பின்னர் செல்வச் சீமாட்டியாகி, சேர்ந்து வாழ வா என்று வழக்குத் தொடுத்த அவனோடு போக மறுக்கிற கதை. பிற்பாடு ஆங்கில அரசு அப்படத்தைத் தடை செய்தது. தடை செய்தது சுதந்திரப் போராட்டத்துக்காக. வீட்டுக்கு வீடு இருந்த கணவன்மார் தடை செய்ய நினைத்தது வேறு காரணத்துக்காக இருக்கக்கூடும்.

அந்தப் படத்தில் பின்னணியில் பாடியவர், இதே காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்து, நாயனாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள். நம் ஊர்ப் பெண், அதுவும் மேடையேறவே தயங்க வேண்டிய குடும்பத்துப் பெண், சினிமாவில் பாடுவதா என்று எம் முப்பாட்டனார் மூன்று நாள் தறியில் உட்காரவில்லையாம். தாத்தாவோ அந்த மூன்று நாளும் நாடாவை ஓட்டியபடி அதே பாட்டை முணுமுணுத்தாராம். இதை எமக்குச் சொன்னவர் பாட்டி. பாட்டி சொன்னவற்றில் பாதியை நாம் நம்புவதுண்டு. இது அந்தப் பாதியைச் சேர்ந்தது.

நிற்க. 1979க்கு வருவோம். அப்போது எமக்கு வயது பத்து.

காஞ்சிப் பட்டின் சூட்சுமம் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கொக்கி போல் மாட்டிக்கொள்ளச் செய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒருவரால் ஆகாது, நெய்பவர் ஒரு பக்கம் இருக்க, எதிர்க் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். சேலையே கிழிந்தாலும் கரை பிரியாது என்று இவ்வூரில் பெருமை பேசுவார்கள். அந்த இன்னொரு கை பெரும்பாலும் ஒரு பையனுடையதாக இருந்தது. முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட குழந்தைகள் எத்தனையோ பேர். அது எமது ஊரின் வெட்கம். 1986இல் சட்டம் வந்து, பின்னும் பல ஆண்டுகள் போராடித்தான் அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. எமது கதை அவ்வளவு கொடியதன்று. பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம் அப்பாவுக்கு எதிர்க் கை. கூலி, ஒரு வானொலிப் பெட்டி.

பெட்டி அப்பாவுடையது. இலங்கை வானொலியும் விவித பாரதியும் மாறி மாறி ஒலிக்கும். அப்பா எம்.எஸ். விசுவநாதன் கட்சி. அந்த ஆண்டு வந்த 'நினைத்தாலே இனிக்கும்' பாடல்கள் ஒலித்தால் நாடா தானாக ஓடும். ஆனால் 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவருக்கு நிம்மதி போயிருந்தது. இளையராஜா பாட்டு வந்தால் கை நீண்டு பெட்டியின் காதைத் திருகும். "தகரத்தைத் தட்டறான்டா. ரெண்டு வருசம் தாங்காது பாரு" என்பார். எதிர்ப்பக்கம் இருந்த நாம் உடனே ஓர் ஓட்டம் நாடாவைத் தள்ள மறந்துவிடுவோம். கரை விட்டுப் போகும். அப்பா அந்த இழையைப் பிரித்து எடுக்க வேண்டும். மூன்றாம் முறை பிரித்த அன்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: கரை விடாமல் நாடா தள்ளினால், மாலையில் ஒரு ராஜா பாட்டு. உலகில் வேலைநிறுத்தத்தால் இளையராஜா கேட்கும் உரிமை பெற்றவர்கள் வேறு யாரும் இருந்தால் கை தூக்கலாம்.

அதே ஆண்டில்தான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அத்தி வரதரைச் சேவித்தோம். "அடுத்த தடவை நீ உன் புள்ளைய கூட்டிட்டு வருவே" என்றார் அப்பா. பத்து வயதில் நாற்பது ஆண்டு என்பது எண்ணிக்கையே அன்று. நாம் சுண்டலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம்.

1986இல் விசுவநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசையமைத்தார்கள். மெட்டு பெரியவருடையது, வாத்தியக் கோப்பு இளையவருடையது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுத் தறியில் அன்று வெற்றிலை பாக்கு மாற்றாத குறை. பெட்டியின் காதை யாரும் திருகவில்லை. அப்பா எதுவும் சொல்லாமல் நெய்தார். நாம் எதுவும் சொல்லாமல் நாடா தள்ளினோம். கடைசியாக ஒன்றாக நெய்த சேலைகளில் அதுவும் ஒன்று. மறு ஆண்டு நாம் கல்லூரிக்குப் போனோம்.

வீட்டில் வேறு பையன் கிடையாது. கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அப்பா கோர்வையை விட்டுவிட்டு, ஒருவரே நெய்யக்கூடிய சேலைக்கு மாறினார். அதற்குக் கூலி குறைவு. எமது படிப்புச் செலவு கூடுதல். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் பார்க்க எமக்குப் பல ஆண்டு பிடித்தது. அவர் ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை.

இனி இல்லறம். எம் மனைவி ஆரணிக்காரர். ஆரணியும் பட்டு நெய்யும் ஊர்தான் என்பதைக் காஞ்சிக்காரன் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம், அங்கே பெண் எடுக்கும் நாள். பெண் பார்த்தபோது கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டோம்; பாட்டைப் பற்றிக் கேட்கத் தவறினோம். சீர்வரிசையோடு வந்த பெட்டியில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடாக்கள் பதினான்கு இருந்தன. 1992இல் 'ரோஜா' வந்த நாளில் பிடித்தது, விடவில்லையாம். அன்றிரவு நாம் ஆற்றிய உரையின் சாரம்: "அது கணினி போடுகிற சத்தம். இரண்டு வருடம் தாங்காது." மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு வருசம் ஆச்சுங்க" என்றார். எமது இல்லறத்தின் முதல் தோல்வி அது; பட்டியலை முழுதாகத் தர இடமில்லை.

இந்தப் போருக்கு மத்தியஸ்தம் செய்தவர்களும் பட்டம்மாள் குடும்பத்தாரே. 1998இல் 'ஜீன்ஸ்' படத்தில் ரஹ்மானுக்குப் பாடினார் பட்டம்மாளின் பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன். "பாத்தீங்களா, உங்க ஊர்ப் பேத்தி" என்றார் மனைவி. பதில் இல்லை. 2000இல் 'ஹே ராம்' வந்தது. காந்திக்குப் பிடித்த குஜராத்திப் பாடலை இளையராஜாவின் படத்தில் பாடியவர் எண்பதைக் கடந்த பட்டம்மாள். "பார்த்தாயா, பாட்டியே எம் பக்கம்" என்றோம். அந்த ஆண்டே மகள் பிறந்தாள். ஆட்டம் சமநிலையில் நின்றது. தாலாட்டு மட்டும் இரு கட்சிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அம்மா பாடினார்.

2009இல் 'காஞ்சிவரம்' படம் திரையரங்குக்கு வந்தபோது அப்பாவை அழைத்துப் போனோம். மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாகச் சொல்லிவிட்டு, அதற்காகப் பட்டு இழையைத் திருடி வாயில் ஒளித்துக்கொண்டு வரும் நெசவாளியின் கதை. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். திரையரங்கில் பலர் அழுதார்கள். அப்பா வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல வேளை, என் வாயில எப்பவும் வெத்தல இருந்திச்சு" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

மகளுக்குப் பதினொரு வயதானபோது, 2011 நவம்பரில், அனிருத்தின் முதல் பாட்டு ஊரையே பிடித்தாட்டியது. ஆங்கிலமும் தமிழும் இல்லாத ஏதோ ஒன்று. மகள் நாள் முழுதும் அதையே பாட, எம் வாய் தானாகத் திறந்தது: "தகரத்தைத் தட்டுகிறான். இரண்டு வருடம் தாங்காது." திண்ணையில் அமர்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்து வாங்கிய கடனை அவர் வட்டியில்லாமல் வசூலித்துக்கொண்டார்.

2019இல் அத்தி வரதர் மீண்டும் எழுந்தருளினார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அப்பா சொன்னது போலவே நம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனோம். மணிக்கணக்கில் வரிசை. மகள் இரு காதிலும் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு எங்களோடு நின்றாள், எங்களோடு இல்லை. அப்போதுதான் ஒன்று தைத்தது. அப்பாவுக்கும் எமக்கும் பாட்டில் சண்டை வந்ததற்குக் காரணம், பெட்டி ஒன்று, தறி ஒன்று. மகளோடு சண்டை போடவாவது அவள் என்ன கேட்கிறாள் என்று எமக்குத் தெரிய வேண்டுமே!

சென்ற தையில் மகளுக்குத் திருமணம். அப்பா நாதசுரம் என்றார். நாம் ராஜா பாடும் மெல்லிசைக் குழு என்றோம். மனைவி, ரஹ்மான் பாடினால் குழுவுக்கு ஆட்சேபமில்லை என்றார். மகள் டி.ஜே. என்றாள். மாப்பிள்ளையைக் கேட்டோம், "அவளுக்கு எது புடிக்குதோ அதுங்க மாமா" என்றார். ஒருமையை அதற்குள் ஒப்படைத்துவிட்டார், பாவம்.

முகூர்த்தச் சேலை கோர்வைதான் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. தெரிந்த தறியில் நெய்யக் கொடுத்தோம். நெய்பவருக்கு முப்பது வயதிருக்கும். சேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஒரு மாலை அப்பாவை அழைத்துப் போனோம். எதிர்க் கைக்கு வரும் அவர் மனைவிக்கு அன்று காய்ச்சல். "நாளைக்குத்தாங்க ஓட்டணும்" என்றார் அவர். அப்பா செருப்பைக் கழற்றினார். எண்பது வயது தாண்டியவர், எம் தோளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். நாம் பத்து வயதில் உட்கார்ந்த பக்கம்.

தறிக்காரரின் கைப்பேசியில் அனிருத் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவருக்கு மரியாதையாக அதை நிறுத்தப் போனார்.

"இருக்கட்டும் தம்பி. தாளம் இருக்குது, போதும்" என்றார் அப்பா.

முதல் சில ஓட்டம் தடுமாறியது. பிறகு கை நினைவுக்கு வந்துவிட்டது. நாடா போய் நாடா வந்தது. கரை உடலைப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு விரற்கடை நெய்திருப்பார்கள்.

"அப்பா, அது தகரம் தட்டறவன் பாட்டு" என்றோம், குரல் சரியாக வராததால் கேலியாக.

"நீ அன்னிக்குக் கேட்டது மட்டும் என்னவாம்?" என்றார் நிமிராமல். "எதிர்ல ஆளு இருந்துச்சு. எந்தப் பாட்டு ஓடுனா எனக்கென்னடா?"

அந்த இரண்டு விரற்கடை சேலையில் எங்கே இருக்கிறது என்று மகளுக்குக் காட்டி வைத்திருக்கிறோம். வேறு யார் பார்த்தாலும் தெரியாது. நெசவு அவ்வளவு சுத்தம்.

திருமணத்தில் நான்கும் நடந்தன. கடன் நான்கு மடங்கு. தாலி கட்டி முடிந்ததும் நாதசுரக்காரர் தாமாகவே ராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் ஆளுக்கொன்று வாசித்து, மகள் சைகை காட்டியதும் அனிருத்துக்கும் ஒன்று வாசித்தார். மாலை டி.ஜே.யின் அதிர்வில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்த அப்பா, இடையிடையே ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை ஆரணி உறவினர் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அத்தி வரதர் வருவது 2059இல். மகளுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. அவள் பிள்ளைகளுள் ஒன்று எதையோ போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்கும் முறை அவளுடையது. நாம் இருக்கப் போவதில்லை. இருந்தால் திண்ணையிலிருந்து நிமிர்ந்து ஒருமுறை பார்ப்போம், அவ்வளவுதான். மேற்கண்ட வாக்கியத்தை மனைவி படித்துவிட்டு, "இருக்கப் போவதில்லை" என்பதை எடுத்துவிடச் சொன்னார். தொண்ணூறு வயது ஒரு வயதா என்கிறார். ஆகவே, இருப்போம்.