லாவா ஏரிக்கரையில் பச்சை மீனும் ஈரல் புழுவும்

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு 'ஈசான்' என்று பெயர். வீடு கட்டும்போது நம் ஊரில் ஈசானிய மூலை என்கிறோமே, அதே சொல்தான் கடல் தாண்டிப் போய் அங்கேயும் வடகிழக்கைக் குறிக்கிறது. மானாவாரி நெல், எருமை, குளத்து மீன், கையால் உருட்டிச் சாப்பிடும் ஒட்டும் அரிசிச் சோறு என்று பார்த்தால் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. அங்கே கோன் கேன் நகருக்குத் தெற்கே லாவா ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் சீ ஆறு பெருகி, ஏரியும் வயலும் ஒன்றாகிவிடும். வெள்ளத்தோடு வரும் கெண்டை இனத்துச் சிறு மீன்கள்தான் கரையோர மக்களின் அன்றாடக் குழம்பு.

குழம்பு வைத்தால் வம்பில்லை. வயல் வேலை முடிந்து கரையேறுபவர்கள், பிடித்த மீனை அங்கேயே கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய்த் தூள், வறுத்து இடித்த அரிசிப் பொடி, கீரைத் தழை சேர்த்துப் பச்சையாகவே உண்பது பழைய வழக்கம். 'கோய் பிளா' என்பார்கள். கூட்டாளிகளோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதில்தான் அதன் ருசி. எலுமிச்சைச் சாறு பட்டதும் மீன் வெளுத்து வெந்தது போலத் தெரியும். ஆனால் அந்தப் புளிப்புக்கோ, கூடக் குடிக்கும் சாராயத்துக்கோ மீனுக்குள் இருக்கும் புழுக்குஞ்சு சாகாது.

இது ஈரல் தட்டைப்புழு. ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், இலை போன்ற வடிவம். மனிதனின் பித்தக் குழாயில் பத்தாண்டுக்கு மேல்கூடக் குடியிருக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, மழை நீரில் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போகிறது. அங்கே ஒரு வகைச் சிறு நத்தை முட்டையைத் தின்கிறது. நத்தைக்குள் பலமடங்காகப் பெருகும் குஞ்சுகள் வெளியே நீந்தி வந்து, மீனின் செதிலுக்கு அடியில் துளைத்துச் சதையில் கூடு கட்டிக்கொள்கின்றன. அந்த மீனைப் பச்சையாகத் தின்றவர் வயிற்றில் கூடு உடைகிறது. மனிதர் மட்டுமல்ல, மீன் தலையைத் தின்னும் பூனையும் நாயும் இதற்கு வீடுதான்.

நம் ஏரிக்கரையில் மேயும் மாடு, ஆடுகளுக்குக் கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கும், சாணம் இளகும், உடல் மெலியும். அதற்குக் காரணமான ஈரல் புழு இதன் பங்காளி. அதுவும் நத்தை வழிதான் வருகிறது. ஆனால் மீனில் ஏறாமல், நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது.

மாட்டுக்காவது மெலிவு கண்ணில் படும். ஈசான் விவசாயிக்கு எதுவும் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் பித்தக் குழாய் புண்பட்டு, ஐம்பது வயதை ஒட்டிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும்போதுதான் மருத்துவமனைக்குப் போகிறார். பலருக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருக்கிறது. பித்தக் குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருப்பது இந்த வட்டாரத்தில்தான். 1994ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இப்புழுவைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. கோன் கேன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் நரோங் குன்டிகேயோ, பெற்றோர் இருவரையும் இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். ஊர் ஊராக ஸ்கேன் கருவியோடு போய், நோயை முன்னதாகவே கண்டுபிடிக்கப் பாடுபட்டார்.

மாத்திரை இல்லாமலில்லை. பிராசிகுவாண்டல் கொடுத்தால் புழு செத்துவிடும். சிக்கலே அங்கேதான் தொடங்கியது. 'மாத்திரைதான் இருக்கிறதே' என்று மறுபடி பச்சை மீன் தின்றார்கள், மறுபடி புழு ஏறியது, மறுபடி மாத்திரை. புண் ஆறுவதற்குள் மேலும் மேலும் புண். பூச்சி வந்தால் மருந்தடித்துக்கொள்ளலாம் என்று வரப்பைச் சுத்தம் செய்யாமல் விடுபவரின் கணக்கும் இதுவேதான்.

லாவாவில் அதே பல்கலைக்கழகத்தார் மாத்திரையோடு நிற்கவில்லை. மனிதரோடு பூனை, நாயையும் பரிசோதித்தார்கள். கழிப்பறைப் பயன்பாட்டை வற்புறுத்தினார்கள். ஏரியின் நத்தையையும் மீனையும் பிடித்துத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். கிராமச் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். உள்ளூர் நாட்டுப்பாட்டான 'மோலம்' மெட்டில் புழுவின் கதையைப் பாடினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் வைத்தார்கள். இதில் பிள்ளைகள் வழிதான் கெட்டியான வழி. தாத்தா தட்டில் கை வைத்துத் தடுக்க அவர்களால்தான் முடியும். தொடக்கத்தில் சராசரியாக 60 சதவீதம் பேரிடம் இருந்த புழு, பத்தாண்டில் பெரும்பாலான கிராமங்களில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. மீனில் 70 சதவீதம் வரை இருந்தது, ஒன்றுக்கும் கீழே போனது.

ஈரல் புழு குறைந்த ஊரிலும் குடற்புழு தனிக் கணக்கு. ஈசானில் வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும், ஸ்டிராங்கிலாய்ட்ஸ் என்னும் நூல் போன்ற சிறு புழுவும் பாதத்தோல் வழியே ஏறுகின்றன. இரண்டாவது பொல்லாதது. உடலுக்குள்ளேயே தன் இனத்தைப் பெருக்கிப் பல பத்தாண்டுகள் தங்கும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவருக்கு உயிராபத்து வரை கொண்டுபோய்விடும். சேற்றில் பூட்ஸ் போட்டு நடவு நட முடியாது என்பது உண்மைதான். ஆனால் தோட்டத்து ஈரத்திலும் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் செருப்பு போடலாம்.

லாவா கரையில் இப்போது அதே மீன், அதே மசாலா, சட்டியில் வதங்கி வருகிறது. வேகவைத்தால் புளிப்புத் தட்டுகிறது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சில நாள் மட்டும் புளிக்கவைத்த 'பிளா சொம்' மீனைச் சமைக்காமல் தின்பதும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. அதனால் மலப் பரிசோதனையும் மீன் கணக்கெடுப்பும் அங்கே தேவைப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.