தம்பியின் நிலுவைக் குறிப்பேடு

என் தம்பி 2025 பிப்ரவரியில், ஷஃபான் மாதத்தின் பாதியில், இறையழைப்பை ஏற்றுச் சென்றான். அவனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. குடும்பத்துக்கு மூத்தவன் என்ற முறையில் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. அடக்கச் செலவு, அதன்பின் கடன், அதன்பின் வஸிய்யத்து, அதற்கும் பின்னரே வாரிசுகளின் பங்கு என்று மார்க்கம் வகுத்துத் தந்திருக்கும் வரிசை, துக்கத்தில் தடுமாறுகிறவனுக்கு ஊன்றுகோல்போல் உதவுகிறது. வங்கிக் கடனில் எஞ்சியதைக் கட்டினேன். அலுவலக நண்பர் ஒருவரிடம் வாங்கியிருந்த கைம்மாற்றைத் திருப்பிக் கொடுத்தேன். சட்டைகளும் கைலிகளும் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் தீர்ந்தது என்று நான் எண்ணியிருந்த வேளையில், தம்பி மகன் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

“பெரியத்தா, இது அத்தாவுடைய நிலுவை” என்றான்.

எனக்குத் திக்கென்றது. இன்னும் யாருக்கோ கொடுக்க வேண்டியிருக்கிறதோ என்று அஞ்சியபடியே பிரித்தேன். முதல் பக்கத்தில், “ஆடிக்கொண்டிருப்பவை” என்ற தலைப்பின்கீழ் நான்கு பெயர்கள். அடுத்த பக்கம் முதல், “நிலுவை” என்ற தலைப்பின்கீழ் வரிவரியாகப் பெயர்கள். சில கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. எல்லாம் கணினி விளையாட்டுகள். மொத்தம் 112. அடித்தவை 27, ஆடிக்கொண்டிருந்தவை 4, கைவைக்காதவை 81. காசு கொடுத்து வாங்கிவிட்டு ஆடாமல் வைத்திருந்தவற்றையே அவன் நிலுவை என்று எழுதியிருக்கிறான்.

தம்பியின் வாழ்க்கை முறையை இங்கே சொல்லியாக வேண்டும். கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், கீழ்த்தளத்தில் நானும் மாடியில் அவனுமாகக் குடியிருந்தோம். பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த மென்பொருள் அலுவலகம் ஒன்றில் அவனுக்கு வேலை. இரவு இஷாத் தொழுதுவிட்டு ஒரு மணி நேரம் கணினி முன் அமர்வான். அதற்குமேல் அமர்ந்ததை நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து அலுவலகத் தோழர்கள் இருவருடன் தேநீர் அருந்தும்போது, “இப்போது என்ன ஓடுகிறது?” என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்களாம். எங்கள் இளமையில், “இப்போது என்ன படிக்கிறீர்?” என்று கேட்டுக்கொள்வோமே, அதைப் போல. எந்தக் கட்டத்தில் சிக்கினோம், எந்த ஆட்டத்தை அலுத்துப் பாதியில் விட்டோம், அடுத்து எதை எடுக்கப் போகிறோம் என்பவையெல்லாம் அங்கே பேச்சாகும். என்னிடமும் சொல்ல வருவான். நான் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைப்பேன்.

அவன் சிறுவனாக இருந்தபோது நிலுவைக்கு இடமே இருந்ததில்லை. பர்மா பஜாரில் வாங்கிவந்த தொலைக்காட்சி விளையாட்டுக் கேசட் ஒன்று. அட்டையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே வெவ்வேறு பெயர் பூண்டு திரும்பத் திரும்ப வரும். அதையே ஈராண்டு ஆடினான். பிறகு அடையாற்றில் நான் கணினி பயிலச் சென்ற இடத்துக்கு அவனும் ஒட்டிக்கொண்டு வந்தான். ஆசிரியர் இல்லாத நேரத்தில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ ஆடினோம். அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில் ஆசிரியர் வந்துவிடுவார். 1989ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார் என்பதை அண்மையில்தான் படித்தேன். திரையில் ஓடியவன் ஒருவருடைய தம்பி என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

நிலுவை பிறந்தது பெட்டியும் தட்டும் இல்லாத கடைகள் வந்த பிறகு. ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடை 2003இல் தொடங்கியது. 2015 முதல் இந்திய ரூபாயிலேயே விலை காட்டலாயிற்று. கோடையிலும் குளிர்காலத்திலும் தள்ளுபடி விற்பனை நடக்கும். ஆயிரம் ரூபாய் ஆட்டம் இருநூற்றைம்பதுக்குக் கிடைக்கும்போது கை சும்மா இருப்பதில்லை. ஆட நேரம் இல்லாதவனும் வாங்கிவிடுகிறான். காசு கொடுத்து வாங்கியது பொருளை மட்டுமா, அதை ஆடுவதற்கான ஓய்வையும் சேர்த்து வாங்கிவிட்டதாக அவன் மனம் நம்பிவிடுகிறது. தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆண்டுதோறும் நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து பை பையாகச் சுமந்துவந்து நான் அடுக்கிய நூல்களில், முதுகு மடங்காதவை கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் நூலுக்கும் இந்த ஆட்டங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. என் நூல்கள் என் மக்களுக்குப் போகும். தம்பியின் 112 ஆட்டங்களும் மீராஸில் சேரமாட்டா. அவன் வாங்கியவை ஆடுவதற்கான உரிமங்களே, பொருள்கள் அல்ல. கணக்கை இன்னொருவருக்கு மாற்றித் தர இயலாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்ற அறிவிப்பைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். அறிவிப்பு வருமுன்பே தம்பி பெரும்பாலானவற்றை வாங்கி முடித்திருந்தான். ஒன்றை மட்டும் நல்லவேளையாகச் செய்துவைத்திருந்தான். ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் ஆறு பேர் வரை தத்தம் கணக்கிலிருந்தே ஆட்டங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2024 செப்டம்பரில் வந்தது. அதில் மகனையும் சேர்த்திருந்தான். ஆகவே பையன் தன் பெயரில் நுழைந்து அத்தாவின் ஆட்டங்களை ஆடலாம். ஆனால் அத்தா நிறுத்திய இடத்திலிருந்து தொடர முடியாது. ஒவ்வொருவர் முன்னேற்றமும் அவரவர் கணக்கிலேயே நிற்கும். இவன் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரிந்தது? கணினியை விற்றுவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்ததால். இத்தா முடிந்திருந்தது. பையன் அப்போதுதான் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தான். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று தம்பி மனைவி என் மனைவியிடம் சொல்லியனுப்பினார். அக்கம்பக்கத்தாரும் அச்சமூட்டினர். பணம் வைத்து ஆடும் இணையச் சூதையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்களே அவர்களில் பலர். முன்னதை அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசே சட்டமியற்றித் தடுத்தது. அது வேறு, இது வேறு என்று விளக்குவதற்கே எனக்குப் பாதி நாள் ஆகும். முடிவு என்னிடம் விடப்பட்டது. விற்பதே சரி என்றுதான் நானும் எண்ணினேன். அதைச் சொல்லத்தான் பையனை அழைத்தேன்.

அவன் தம்பியின் கைபேசியைக் காட்டினான். கோடைத் தள்ளுபடி தொடங்கிவிட்டதென்றும், நீங்கள் விரும்பிக் குறித்துவைத்த ஆட்டம் விலை குறைந்திருக்கிறதென்றும், தம்பியின் பெயர் சொல்லி அழைத்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. பிறகு கணினித் திரையில் நண்பர் பட்டியலைக் காட்டினான். அவன் அத்தாவின் பெயருக்குக் கீழே, கடைசியாக வந்து 135 நாள்கள் ஆயின என்றிருந்தது.

“நாளைக்கு 136 ஆகும், பெரியத்தா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

சற்று நேரம் கழித்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இருபது மணி என்று கொண்டால், 81 ஆட்டங்களுக்கு 1,620 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி வீதம் நான்கு ஆண்டு ஐந்து மாதம். “நாளுக்கு ஒரு மணி வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மணி கொடுங்கள். எவ்வளவு ஆண்டானாலும் முடித்துவிடுகிறேன். கடன் என்றால் வாரிசு அடைக்கத்தானே வேண்டும்?” என்றான்.

இது கடன் அன்று என்று அவனுக்குச் சொன்னேன். யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, உன் அத்தா கடனில்லாமல் போனார், அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு வலுவாகக் கேட்கவில்லை. காரணம் உண்டு. பதினைந்து வயது முதல் இருபது வயது வரை நான் விட்டுவிட்ட தொழுகைகளைச் சில ஆண்டுகளாகக் கழாச் செய்துவருகிறேன். ஒவ்வொரு வக்துக்குப் பின்னும் ஒரு வக்து. நாட்குறிப்பில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறேன். ஐந்தாண்டில் முடிய வேண்டியது சோம்பலால் நீண்டுகொண்டே போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டா. பர்ளு எங்கே, பொழுதுபோக்கு எங்கே! ஆயினும் ஒரே கூரையின்கீழ் அண்ணன் ஒரு கோட்டுக் கணக்கும் தம்பி ஒரு கோட்டுக் கணக்கும் வைத்திருந்தோம், ஒருவரிடம் ஒருவர் காட்டவில்லை என்பது அன்று உறைத்தது.

நிலுவையைப் பற்றித் தம்பி சொன்ன வேடிக்கை ஒன்றும் நினைவுக்கு வந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, எங்கள் வீட்டுச் சாலை வழியேதான் அத்தனை நாட்டு வீரர்களும் சென்றார்கள். ஒருநாள் நாங்கள் மூவரும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் அவன் அபூபக்கர் அஸ்ஸூலீயைப் பற்றிச் சொன்னான். பத்தாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீஃபாக்களின் அவையில் விளங்கிய அறிஞர். சதுரங்கத்தில் அன்று அவரை வெல்வார் இல்லை. அவர் அமைத்து விட்டுச்சென்ற ஒரு காய்நிலைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. 1980களில்தான் ரஷ்ய வல்லுநர் யூரி அவெர்பாக் அதை விடுவித்தார். “நிலுவை என்றால் அது நிலுவை, அண்ணே. என்னுடையது எம்மாத்திரம்!” என்று தம்பி சிரித்தான். பின்னிருக்கையில் பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தோம். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

கணினியை விற்கவில்லை. சனிக்கிழமை இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம், என் முன்னிலையில், என்று முடிவு செய்தேன். படிப்பில் பின்தங்கினால் அன்றோடு நிறுத்தம். நான் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கண்காணிப்புக்காக மட்டும் விதித்ததன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பட்டியலில் மிகச் சிறியதை முதலில் எடுத்தான். ‘வெண்பா’ என்பது அதன் பெயர். கனடாவின் டொரண்டோவில் ‘விசை’ என்ற குழுவினர் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்பு என்ற சிறப்பையும் பெற்றது. சண்டையோ துப்பாக்கியோ கிடையாது. தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு ஒன்று நைந்து, எழுத்துகள் அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். மகன் தமிழைவிட்டு விலகிப் போகிறான், தாய் சமைத்துக்கொண்டே இருக்கிறாள். திரையில் தமிழ்ப் பாட்டையும் அடுப்பொலியையும் கேட்டு நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இதை வாங்கியவன் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாமலா வைத்துவிட்டுப் போனான்!

புட்டு அவிக்கும் கட்டம் வந்தது. பையன் குழாயில் மாவை முதலில் கொட்டினான். சரிவரவில்லை. மறுபடியும் கொட்டினான்.

கதவுக்கு அப்பாலிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. “பெரியத்தாவிடம் சொல்லு, முதலில் தேங்காய்ப்பூ போட வேண்டும். ஆண்பிள்ளைகள் சமைத்த புட்டு வேறு எப்படி இருக்கும்!”

அந்த வீட்டில் நான்கு மாதத்துக்கு மேலாக அப்படி ஒரு குரலை நான் கேட்கவில்லை. பையன் தேங்காய்ப்பூவை முதலில் போட்டான். ஆவி வந்தது. ஆட்டம் முடியும்வரை அவர் கதவோரத்தைவிட்டு அகலவில்லை என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

முடிந்ததும் பையன் குறிப்பேட்டைத் திறந்தான். அத்தாவின் கையெழுத்துமீது கோடு போட அவனுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் சிறு பிறை ஒன்றைப் பச்சை மையில் வரைந்தான். 81இல் ஒன்று.

அடுத்தது, ஆடிக்கொண்டிருப்பவை பக்கத்திலிருந்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் ஆட்டம். 1999இல் வந்ததைப் புதுக்கி 2019இல் மறுபடி வெளியிட்டார்கள். அதில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் படையெடுப்பு ஆறு கட்டங்களாக வருகிறது. பாலையில் சிறைப்பட்ட ஐரோப்பிய வீரன் ஒருவன் சுல்தானின் மாண்பைக் கண்டு சொல்வதாக அதன் கதை அமைந்திருக்கிறது. தம்பி இரண்டு கட்டங்களை முடித்து நிறுத்தியிருந்தான் என்று குறிப்பேட்டில் இருந்தது. மூன்றாவது, 1187இல் நடந்த ஹித்தீன் போர். நான்காவது பைத்துல் முகத்தஸ். பையன் முதலிலிருந்து தொடங்கி, இரண்டு சனிக்கிழமைகளில் அத்தா நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். அன்று நேரம் முடிந்திருந்தது.

“அடுத்த வாரம் ஹித்தீன், பெரியத்தா. இஷா முடிந்ததும் வந்துவிடுவீர்களா?”

“கழாவையும் தொழுதுவிட்டு வருகிறேன். நீ கணினியைப் போட்டு வை” என்றேன்.