உழைக்கிற தட்டு

பாத்திரக்கடையில் தட்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "கீழே விழுந்தா உடையுமா?" விற்பவரும் அதற்குத் தயாராகவே இருப்பார். மெலமைன் தட்டு என்றால் தரையில் போட்டே காட்டிவிடுவார். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி. மூன்று வேளையும் சோற்றையும் குழம்பையும் ஏந்தி, நார் போட்டுத் தேய்பட்டு, கழுவும் தொட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும் எந்தப் பொருளுக்கும் என்றாவது ஒரு குறை வரத்தான் செய்யும். குறையே வராத தட்டு எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய மீதிப் பாதி இது: குறை வந்த மறுநாள் அந்தத் தட்டு என்ன ஆகும்? தொடர்ந்து சோறு போடலாமா, யாரிடமாவது கொடுத்துச் சரிசெய்ய முடியுமா, அதே மாதிரி ஒற்றைத் தட்டு கடையில் கிடைக்குமா, ஒன்றுக்கும் ஆகாமல் போனால் நாலு காசாவது தேறுமா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்லும் தட்டுதான் வீட்டில் நின்று உழைக்கும்.

இந்தச் சோதனையில் முதலில் தேறுவது எவர்சில்வர். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்கள் சீக்கிரம் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அப்போது குரோமியம் அதிகம் சேர்ந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதைக் கவனித்தார். அதன் ரகசியம் மேற்பரப்பில் இருக்கிறது. எஃகில் ஏறத்தாழ பத்தரை விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. கரண்டி கீறினாலும், நார் உரசினாலும், காற்றுப் பட்டதும் அந்த இடத்தில் படலம் மறுபடி உண்டாகிவிடுகிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் இந்தக் குணம்தான் அதன் பெரிய பலம். விழுந்தால் ஒடுங்கும், ஒடுங்கிய தட்டிலும் சாப்பிடலாம். கடைசியில் வேண்டாம் என்று தோன்றினால் எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கலாம். உடைந்த பீங்கானை எந்தக் கடைக்காரரும் தராசில் வைக்க மாட்டார்.

ஆனால் எவர்சில்வர் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. 304 என்ற ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 18/8 என்று குறிப்பதும் இதைத்தான். 200 வரிசை ரகங்களில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். அரிப்பைத் தாங்கும் சக்தி அந்த அளவுக்குக் குறையும். 430 ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. காந்தம் ஒட்டினால் மட்டமான சரக்கு என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பரவலாக உண்டு. அது முழுதாகச் சரியில்லை. 430-இல் காந்தம் ஒட்டும், 304-இல் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் விலை குறைந்த 202-இலும் ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்து 304-ஐயும் 202-ஐயும் பிரிக்க முடியாது. தட்டின் அடியில் ரகம் பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்ப்பதே மேல். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-இல் ஆணை பிறப்பித்தது. அடுத்தது கனம். கடைக்காரர் கேஜ் கணக்கில் சொல்வார். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 24 கேஜைவிட 20 கேஜ் கெட்டி. தட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். சுருட்டிய விளிம்பு சரியாகப் படியாமல் இடுக்கு விட்டிருந்தால், கழுவும் தண்ணீரும் எச்சில் அழுக்கும் உள்ளே தங்கும். தட்டின் மற்ற இடமெல்லாம் பளபளக்க, அந்த இடுக்கு மட்டும் கறுக்கும். எவர்சில்வருக்கும் ஒரு பகை உண்டு, உப்பு. ஊறுகாயையோ உப்புத் தண்ணீரையோ நாள்கணக்கில் அதில் விட்டுவைத்தால் சிறு சிறு குழிப் புள்ளிகள் விழும்.

எவர்சில்வருக்கு முன்னால் இருந்த பித்தளை மட்டும் உழைக்கவில்லையா என்று கேட்கலாம். தலைமுறை தாண்டி உழைத்தது, உண்மை. ஆனால் அது தனியாக உழைக்கவில்லை. புளியும் பித்தளையும் சேர்ந்தால் செம்பு உணவில் கரையும். அதனால் உட்புறம் ஈயம் பூச வேண்டும். தெருவோரத்தில் துருத்தி வைத்துப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துடைத்து, வெள்ளீயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்த்தால் கறுத்துக் கிடந்த உட்புறம் நொடியில் வெள்ளிபோல் மாறும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் அந்த வேலை தெருவில் நடக்க முடிந்தது. பூச்சு தேயத் தேய மறுபடி பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவரை பித்தளைக்கு ஆயுள் கெட்டி. அவர் வருவது அருகிப்போன பிறகு அதே பித்தளை பரணுக்கு ஏறிவிட்டது. ஒரு பொருளின் ஆயுளில் பாதி அதன் உலோகத்தில் இருந்தால், மீதி அதைச் செப்பனிடத் தெரிந்த கைகளில் இருக்கிறது. உங்கள் ஊரில் ஈயம் பூசுகிறவர் இன்னும் இருக்கிறார் என்றால் தாராளமாகப் பித்தளை வாங்கலாம். இல்லை என்றால் அது பூஜை அறைக்கு அழகு, அவ்வளவுதான்.

பீங்கானின் கதை வேறு. அது தேயாது, கறை பிடிக்காது, புளிக்கும் உப்புக்கும் அசையாது, விழுந்தால்தான் போகும். எல்லாப் பீங்கானும் ஒன்றல்ல என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். 1200 டிகிரிக்கு மேல் சுட்ட நல்ல பீங்கானின் உடல் கண்ணாடிபோல் இறுகி நீரை உறிஞ்சாது. குறைந்த சூட்டில் வெந்த மண்ணுக்கு மேலே மினுமினுப்பு இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் இருக்கும். தட்டைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு அப்படியே நின்றால் நல்ல சூளை. மெல்ல உள்ளே போய்விட்டால் அந்தத் தட்டு விளிம்பு சிதறிச் சீக்கிரம் விடைபெறும். இன்னொன்று, அந்தச் சொரசொரப்பான அடிவளையம்தான் அடுக்கி வைக்கும்போது கீழ்த் தட்டின் மெருகைக் கீறுகிறது. நடுவே ஒரு காகிதமோ துணியோ வைத்தால் போதும். பீங்கான் தட்டுகள் வீட்டைவிட்டுப் போவதற்கு உடைவது மட்டும் காரணமில்லை. ஆறில் இரண்டு உடைந்தால் மீதி நான்கையும் விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்பட்டு ஒதுக்கிவிடுகிறோம். ரோஜாப்பூ போட்டு, தங்கக் கரை கட்டிய செட்டுக்கு அடுத்த வருடம் ஜோடி கிடைக்காது. வெற்று வெள்ளைத் தட்டுக்கு எப்போதும் கிடைக்கும். பூவுக்குக் கொடுக்கும் விலையில் பாதி இந்த நஷ்டத்துக்குப் போகிறது.

உடையாது என்ற பெயரோடு வருபவை இரண்டு. பதப்படுத்திய கண்ணாடித் தட்டை நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்புறம் பின்னால் சுருங்கி அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இறுக்கம்தான் அதன் பலம். ஆழமான கீறல் ஒன்று அந்த இறுக்கத்தைத் தாண்டிவிட்டால், ஓரம் மட்டும் தெறிக்காது, தட்டு முழுவதும் ஒரே சமயத்தில் நொறுங்கும். எஃகு நார் கொண்டு தேய்க்காத வீடுகளில் அது நன்றாகவே உழைக்கும். மெலமைன்தான் இந்தப் பட்டியலில் கடைசி. அது எளிதில் உடையாது என்பது உண்மை. ஆனால் மேல்மெருகு தேய்ந்து மஞ்சள் ஏறிய பிறகும் முழுசாகவே நிற்கும். மெலமைன் தட்டில் வைத்து உணவை மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. 2013-இல் வெளியான தைவான் ஆய்வொன்றில் 12 பேருக்கு மெலமைன் கிண்ணத்திலும் பீங்கான் கிண்ணத்திலும் சூடான நூடுல்ஸ் சூப் கொடுத்துப் பார்த்தார்கள். மெலமைன் கிண்ணத்தில் குடித்தபோதுதான் சிறுநீரில் மெலமைன் தெளிவாகக் கூடியிருந்தது. அளவு சிறிதுதான், ஒரு வேளை சூப்பால் யாரும் சாய்ந்துவிட மாட்டார்கள். ஆனாலும் கொதிக்கக் கொதிக்கப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடும் வீட்டுக்கு அது தினசரித் தட்டு ஆகாது. உடைந்த தட்டு தன் கதை முடிந்ததென்று சொல்லிவிடுகிறது. தேய்ந்த மெலமைன் அதைச் சொல்வதில்லை.

எவர்சில்வருக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களும் உண்டு. மைக்ரோவேவில் வைக்க முடியாது, சரிதான். அதற்காகச் சாப்பாட்டுத் தட்டையே மாற்றத் தேவையில்லை. போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு இருந்தால் போதும். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரியும் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். அதனால் சூட்டை நன்றாகத் தாங்குகிறது. டம்ளர் கை சுடுகிறது என்றால் அதற்குத்தான் டவரா இருக்கிறது. மெஸ் தட்டு மாதிரி இருக்கிறது, விருந்துக்கு அழகில்லை என்பார்கள். நம் பெரிய விருந்துகள் எதுவும் தட்டில் நடப்பதில்லை; ஒரே வேளை வாழும் வாழையிலையில்தான் நடக்கின்றன. நாலு பேர் வந்தால் வைக்க வெள்ளைப் பீங்கான் தட்டுகள் சில இருக்கட்டும், யார் தடுத்தது? விலை கூடுதலே என்ற கேள்வி மீதமிருக்கிறது. ஒரு தட்டில் நாளைக்கு இரண்டு வேளை சாப்பிட்டால் வருடத்துக்கு 730 சாப்பாடு. கனமான தட்டுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் பத்து வருடத்தில் வேளைக்கு மூன்று பைசாகூட ஆகாது.

ஆகவே, செட்டாக வாங்காதீர்கள், தலைக்கு ஒன்றாக எண்ணி வாங்குங்கள். பூ வேண்டாம், கனம் பாருங்கள். தினசரிக்குக் கெட்டியான எவர்சில்வர், சூடாக்க இரண்டு கண்ணாடிக் கிண்ணம், வருகிறவர்களுக்குக் கொஞ்சம் வெள்ளைப் பீங்கான்: ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். வாங்கியதை அலமாரியில் பூட்டி வைக்காமல் இன்றைக்கே சோறு போட்டுச் சாப்பிடுங்கள்.