ஏழாவது புலுனி

காகத்திற்கு ஒரு பிடி சோறு வைத்த பின்பே தாம் உண்ணும் வழக்கம் எம் அன்னையாரிடம் இருந்தது. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் அவர் அதனைக் கைவிட்டதில்லை. ஆயினும், வைத்த சோற்றை எந்தப் பறவை உண்டது என்று அவர் நின்று பார்த்ததுமில்லை. கொடுப்பது தம் கடன் என்பதோடு அவர் அமைந்தார். நாமோ பார்ப்பதற்காகவே கொடுக்கத் தொடங்கினோம். அதனால் விளைந்ததை வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவில் வாழும் எம் மகன் சென்ற ஆண்டு யாழ்ப்பாணம் வந்தபோது, பறவைகளுக்கான தீனித்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். தட்டின் ஒரு புறத்தில் சிறு கமரா. அதன் கூரைமேல் வெயிலால் மின்னேறும் தகடு. பறவை வந்து அமர்ந்தவுடன் கமரா விழித்துக்கொண்டு படம் பிடிக்கும். அப்படம் எமது கைத்தொலைபேசிக்கும், ரொறன்ரோவிலுள்ள எம் பேரனிடத்துக்கும் ஒருங்கே சென்று சேரும். எமக்குக் காலை ஆறரை மணியாகும்போது அவனுக்கு முன்னைய நாளின் இரவு. எம் வளவுப் பறவைகளைக் கண்ட பின்பே அவன் உறங்கப் போவான்.

பப்பாசித் துண்டுக்குக் கொண்டைக்குருவியும் மைனாவும் வந்தன. தினைக்குச் சிறு குருவிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அணில் வந்தது. பறவையின் பெயரைத் தானே அறிந்து கூறும் ஆற்றலும் அக்கருவிக்கு உண்டாம். எமது புலுனியைக் கண்டு அது ஏதோ ஓர் அமெரிக்கப் பறவையின் பெயரைக் கூசாமற் கூறிற்று. “பிறத்தியாருக்கு எங்கள் ஊராரின் பெயர் எப்படித் தெரியும்?” என்று எம் மனைவியார் சிரித்தார். நாம் அலுமாரியைத் திறந்து, ஜீ. எம். ஹென்றி அவர்கள் 1955 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூலை எடுத்துப் பேரனுக்குக் காட்டினோம்.

பேரனுக்குப் புலுனிகள்மீதே பெருவிருப்பம். அவை தனித்து வாரா. மங்கிய மண்ணிற உடலும் மஞ்சள் அலகுமாகக் கூட்டமாய்த் தத்தி வந்து, ஓயாது பேசிக்கொண்டே உண்ணும். ஒன்று மரக்கிளையிலிருந்து காவல் பார்க்க, மற்றவை இரை தேடும். ஆங்கிலத்தில் இவற்றை ஏழு சகோதரிகள் என்பர். எம் வளவிற்கு வந்தவையும் சரியாக ஏழு. பேரன் நாள்தோறும் தமிழில் ஒன்று முதல் ஏழுவரை எண்ணுவான். அவன் தமிழ் எண்கள் கற்றதே புலுனிகளிடத்தில்தான் என்று சொல்லலாம்.

இனி எம் பிழைக்கு வருவோம். தட்டினைக் கம்பமொன்றில் இடுப்பளவு உயரத்தில், செவ்வரத்தைச் செடிக்கு முன்னால் நாட்டியிருந்தோம். பறவைக்குப் பின்னே சிவந்த பூக்கள் தெரிந்தாற் படம் அழகாக இருக்குமென்பது எம் எண்ணம். படங்களும் அழகாகவே இருந்தன. மகன் புகழ்ந்தான், சுற்றத்தார் புகழ்ந்தனர், நாமும் சற்றே செருக்குற்றோம்.

ஒருநாட் காலை ஒன்பது மணியளவில் புலுனிகளின் கூக்குரல் வளவெங்கும் எழுந்தது. நாம் ஓடிச் சென்றபோது தட்டு வெறுமையாயிருந்தது. கீழே சில இறகுகள் கிடந்தன. கைத்தொலைபேசியைப் பார்த்தோம். சில நொடிகளே ஓடும் படம். செவ்வரத்தை இலைகள் அசைகின்றன; பூக்களினூடே பாய்கிறது எம் அடுக்களைப் பூனை. நாம் நாள்தோறும் பாலூட்டி வளர்க்கும் பூனை! அதனைக் குறை கூற வாய் வரவில்லை. அது பதுங்கத் தக்க மறைவிடத்தருகே விருந்து வைத்தவர் நாமே.

ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவை அண்மிய நேரம். பேரன் விழிக்குமுன் அப்படத்தை அழித்துவிட்டோம். மறுநாள் அவன் எண்ணினான். “அப்பப்பா, ஏழாவது புலுனி எங்கே?” என்றான்.

“வேறு வளவுக்குப் போயிற்று என்று சொல்லுங்கோ” என்று எம் மனைவியார் மெல்லக் கூறினார். எமக்கும் அவ்வாறே சொல்லத் தோன்றியது. ஆயின், எண்ணக் கற்றுக்கொடுத்த பின்னர்க் கணக்கைப் பொய்யாக்குதல் தகுமோ? நடந்ததைச் சொன்னோம், தட்டை அங்கே வைத்த பிழை எமதென்றும் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, “அதை மாற்றி வையுங்கோ, அப்பப்பா” என்றான்.

அன்றே மாற்றினோம். செடிகொடிகளிலிருந்து பத்து அடிக்கு மேல் விலகி, வெட்டையான முற்றத்தில் கம்பத்தை நாட்டினோம். எலி ஏறாதபடி தென்னைக்குத் தகரம் அடிப்போமல்லவா? அதுபோலக் கம்பத்தைச் சுற்றியும் தகரம் அடித்தோம். பறவைகள் உண்டு முடியும்வரை பூனைக்கு வீட்டினுள்ளே காவல்.

அதன் பின்னர், விருந்தளிப்போர் அறியவேண்டிய பிறவற்றையும் தேடிப் படித்தோம். பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டு முதல் ஒருவகைத் தொண்டை நோய் தீனித்தட்டுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் தொற்றிப் பரவி, பசுங்குருவியினத்தைப் பெரிதும் குறைத்துவிட்டதாம். அன்பினால் இட்ட உணவே நோய்க்கு வழியாயிற்று. ஆகையால் இப்பொழுது தட்டினை அடிக்கடி வெந்நீரிற் கழுவி வெயிலில் உலர்த்துகிறோம். உப்பிட்ட சோறும் பூஞ்சணம் பிடித்த தானியமும் வைப்பதில்லை. நண்பகலுக்குள் உண்டு தீரும் அளவே வைக்கிறோம். அருகே மண்சட்டியில் நாள்தோறும் புதுநீர் வார்க்கிறோம்.

இப்போது வரும் படங்களில் அழகில்லை. பறவைக்குப் பின்னே கிணற்றடிச் சீமெந்துச் சுவரும், கொடியில் உலரும் துணியுமே தெரிகின்றன. புகழ்ந்தோர் புகழ்வதை நிறுத்திவிட்டனர்.

சென்ற வாரம் வந்த படமொன்றிற் புலுனிகள் தட்டில் இருக்க, மூலையில் யன்னற் கம்பிகளுக்குப் பின்னே எம் பூனையின் முகம் தெரிந்தது. இதுவரை வந்தவற்றுள் இதுவே சிறந்த படமென்று பேரன் சொன்னான். சொல்லிவிட்டு, வழக்கம்போல் எண்ணினான். ஆறு வரை எண்ணி நிறுத்தினான்.