கொட்டாங்கச்சி யானை

அரசாங்கத் தஸ்தாவேஜுகளில் குபேர் அங்காடி என்று இருந்தால் இருக்கட்டும்; புதுச்சேரிப் பெண்களுக்கு அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். அங்கே காய் வாங்கலாம், மீன் வாங்கலாம், பூ வாங்கலாம். காசு கொடுக்காமல் ஒரு யானையையே கொண்டுவரலாம் என்பது உங்களுக்குத் தெரியுமோ?

என் மகளின் சித்திர வகுப்பு டீச்சர் ஒரு கட்டளை போட்டிருந்தார். வீணென்று எறிந்த பொருள்களால் ஒரு மிருகம் செய்ய வேண்டும். எதையும் விலைக்கு வாங்கக் கூடாது. "யானைதான் செய்வேன். நம்ம லட்சுமி யானை" என்றாள் மகள்.

வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். லட்சுமி, மணக்குள விநாயகர் கோயில் யானை. காலில் வெள்ளிக் கொலுசு அணிந்து, வந்தவர் தலையில் துதிக்கை வைத்து ஆசீர்வதித்தவள். 2022 நவம்பர் 30 அன்று காலை நடை போனபோது சாய்ந்துவிட்டாள். ஊரே அழுதது. அப்போது என் மகள் சின்னக் குழந்தை. "லட்சுமி எப்பம்மா வரும்?" என்று பல நாள் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நாங்களும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மார்க்கெட்டுக்குப் போனோம். தேங்காய் விற்கும் ஆயாவிடம் மூன்று கொட்டாங்கச்சி கிடைத்தது. உடம்புக்கு இரண்டு, தலைக்கு ஒன்று. காதுக்கு மகள் வாழைப்பூ மடலை எடுத்தாள். "அது நாளைக்கே கறுத்துச் சுருண்டுக்கும் கண்ணு. பாக்கு மட்டை எடுத்துக்கோ. ஆமா, என்ன பண்ணப் போற?" என்றாள் ஆயா.

"லட்சுமி."

ஆயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கொலுசு?" என்று கேட்டாளே பார்க்கணும்! வளையல் கடையில் உடைந்த துண்டுகள் வாங்கித் தந்தவளும் அவளே. தையற்கடையில் நான்கு காலி நூல்கண்டுகள் கால்களாயின. சைக்கிள் கடையில் ஒரு துண்டுப் பழைய ட்யூப், துதிக்கை.

இது குழந்தை விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். 1942-ல் பிக்காஸோ என்ற பெரிய ஓவியர் ஒரு சைக்கிள் ஆசனத்தையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். கைப்பிடி கொம்பாயிற்று! நம் தேசத்திலேயே, சண்டிகரில் சாலை மேற்பார்வையாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலையும் பீங்கானையும் பொறுக்கி, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல வருஷம் மனிதர்களையும் மிருகங்களையும் செய்து நிறுத்தினார். அந்தப் பாறைத் தோட்டம் 1976-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எங்கள் வீட்டில் ஓட்டில் துளையிடும் வேலை மட்டும் அவருடையது. மற்றதெல்லாம் மகளின் கை. ட்யூப் தொங்கிப் போயிற்று. உள்ளே கம்பி செருகினதும் நிமிர்ந்தது. "தும்பிக்கையைத் தூக்கி வைம்மா, அதுதான் அழகு" என்றார் அவர்.

"தூக்கினா எப்படி அப்பா தலையில வைக்கும்?" என்று சொல்லி, அதை வளைத்துக் கீழே இறக்கினாள். பிறகு தரையில் குப்புறப் படுத்து, தன் தலையை அதன் அடியில் கொடுத்தாள். நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

கடைகளில் இதற்கென்றே பெட்டிகள் விற்கிறார்கள். ஒட்டினால் அரை மணியில் அழகான யானை வரும். ஆனால் அது யாருடைய யானை? உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு கட்டளை வந்தால், காலிப் பையோடு குழந்தையை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போங்கள். எதைப் பொறுக்குவது என்பதை மட்டும் அதனிடமே விட்டுவிடுங்கள்.